மீட்டர் யாரை அளக்கிறது?

2019 ஜூன் மாதம் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 லிட்டர். பல தெருக்களில் அந்தக் கோடை முழுக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆனால் நகரத்தின் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர்க் கட்டணம் என்பது மாதத்துக்கு இவ்வளவு என்று வகுத்துவைத்த தொகை. ஏரி நிறைந்த மாதமும் அதே தொகை, வறண்ட மாதமும் அதே தொகை. வீட்டுக்குள் எத்தனை லிட்டர் வந்தது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, குடிநீர் வாரியத்துக்கும் தெரியாது. வராத தண்ணீருக்கு ஏன் பணம் என்று கேட்கலாம்தான். எதைக் காட்டிக் கேட்பது?

இப்படிப்பட்ட ஊரில் "குடிநீர் இணைப்புக்கு ஸ்மார்ட் மீட்டர்" என்று சொன்னால் வரவேற்பு இருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். கிளம்புவது எதிர்ப்பு. குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்திலும் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பாட்டுத்தான். மீட்டர் வந்தால் பில் எகிறும். பிறகு தண்ணீரைத் தனியாருக்கு விற்றுவிடுவார்கள். பணம் கட்டாத வீட்டுக் குழாயை ஆபீஸில் உட்கார்ந்தபடியே அடைத்துவிடுவார்கள். ஆள் அதிகமுள்ள குடும்பம் நசுங்கிப்போகும். இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஓய்வுபெற்ற பொறியாளரும் சொல்கிறார், தொழிற்சங்கத் தோழரும் சொல்கிறார். இந்த நான்கில் ஒன்று உண்மையிலேயே வலுவான வாதம். இன்னொன்று பாதி உண்மை. மற்ற இரண்டும் விசாரித்தால் நிற்காதவை. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி மீட்டரின் தலையில் ஏற்றிவிட்டதுதான் கோளாறு.

முதலில் பில்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு மீட்டர் புதிதல்ல. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு மின்வாரிய ஊழியர் வந்து அட்டையில் ரீடிங் எழுதிவிட்டுப் போவார். இப்போது செல்போனில் குறுஞ்செய்தி வருகிறது. 2016 மே மாதம் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தபோது, அந்த இலவசத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது எது? அதே மீட்டர்தான். எந்த வீட்டுக்கு எவ்வளவு ஓடியது என்ற கணக்கு இருப்பதால்தான் முதல் 100 யூனிட்டைக் கழிக்க முடிகிறது. கரண்டுக்கு மீட்டரும் இலவசமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று பத்து ஆண்டாக அனுபவத்தில் கண்ட குடும்பங்கள், தண்ணீர் என்று வந்ததும் மீட்டர் என்றால் இலவசத்தின் எதிரி என்று எப்படி முடிவுக்கு வருகின்றன என்பது விளங்காத புதிர்.

தண்ணீரிலேயே உதாரணம் வேண்டுமென்றால் தில்லி இருக்கிறது. 2015 மார்ச் முதல் அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். ஒரே நிபந்தனை, ஓடுகிற மீட்டர் இருக்க வேண்டும். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 540 லிட்டர், மாதத்துக்கு 16,200 லிட்டர். தில்லிக் கணக்குப்படி அந்தக் குடும்பத்தின் தண்ணீர் பில் பூஜ்யம். 20,000 லிட்டரைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்லாமல் மொத்தத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முரட்டுத்தனம். அது திருத்தப்பட வேண்டியது. ஆனால் அந்த முரடு கட்டண விதியில் இருக்கிறது, கருவியில் இல்லை. ரீடிங் எடுக்காமலே உத்தேசமாக எழுதிய பில் என்ற புகாரும் தில்லியில் ஏராளம். அது ஸ்மார்ட் மீட்டருக்கு எதிரான வாதம் ஆகாது. ஆள் வந்து எட்டிப்பார்த்து எழுத வேண்டிய பழைய மீட்டருக்கு எதிரான வாதம் அது.

பெங்களூரையும் பார்க்கலாம். காவிரியை நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் அந்த ஊரில் ஏறத்தாழ எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் உண்டு. 2014-இல் வகுத்த கட்டணம் 2025 வரை உயரவில்லை. மீட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்ததும் பிறகு உயர்த்தியதும் அரசியல் முடிவுகள். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீட்டர் இல்லாத சென்னையிலும் கட்டணம் ஏறாமல் இல்லை. போதாக்குறைக்கு, இங்கே வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர் மற்றும் கழிவுநீர் வரி தனி. அந்த வரி வீட்டின் மதிப்பை அளக்கிறது, தண்ணீரை அளப்பதில்லை. மீட்டர் இல்லாவிட்டால் பில் ஏறாது என்ற நம்பிக்கைக்குச் சென்னைவாசி தன் பழைய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது சமத்துவம் மாதிரித் தெரியும். அதன் உள்ளே யார் லாபம் பார்க்கிறார்கள் என்று தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தண்ணீர் விடுகிறார்கள். தெருமுனை வீட்டில் தரைக்கடியில் பெரிய சம்ப், மெயின் குழாயிலேயே கோத்துவிட்ட மோட்டார். அந்த மோட்டார் ஓடத் தொடங்கியதும் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கி நின்றுபோகிறது. கோடைதோறும் அதிகாரிகள் திடீர்ச் சோதனை நடத்தி மோட்டார்களைப் பறிமுதல் செய்ததாகச் செய்தி வரும். அடுத்த வாரம் வேறு மோட்டார் வந்துவிடும். முனை வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் மாதக் கட்டணம் ஒன்றே. அதாவது குடத்தில் பிடித்துக் குடிப்பவர், காரைக் குழாய் போட்டுக் கழுவுகிறவருக்கு மானியம் தருகிறார். ஏழைக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள். மணிக்கொரு முறை அளவு அனுப்பும் மீட்டர் இருந்தால், ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரே மணி நேரத்தில் பத்து மடங்கு ஏறியது எப்படி என்று கேட்க எந்தப் பறக்கும் படையும் தேவையில்லை.

வாடகைக்கு இருப்பவர் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரே இணைப்பில் கீழ்வீடு, மேல்வீடு, மொட்டைமாடி அறை. "தண்ணிக்குத் தனியா மாசம் இவ்வளவு" என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. உறவினர் வந்து நான்கு நாள் தங்கினால் முகம் கோணும், மோட்டாருக்குப் பூட்டு விழும். எவ்வளவு செலவானது என்று எவரிடமும் கணக்கு இல்லாததால் வாடகைக்காரர் வாதாடவும் வழியில்லை.

அடுத்தது தனியார்மயம். இந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் ஓர் ஊர்ப்பெயரும் ஒரு நிறுவனப் பெயரும் உண்டு. 2018-இல் கோவை மாநகராட்சி, பழைய 60 வார்டுகளில் 24 மணி நேரக் குடிநீர் வழங்கும் பணிக்குப் பிரெஞ்சு நிறுவனமான சூயஸுடன் 26 ஆண்டுகால ஒப்பந்தம் செய்தது. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை. ஒப்பந்த விதிகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும், கட்டணம் வகுக்கும் உரிமை மாநகராட்சியிடமே இருக்க வேண்டும், பொதுக்குழாய்கள் என்னவாகும் என்று சொல்ல வேண்டும். இவை எல்லாம் சரியான கேள்விகள். அந்தக் கேள்விகளோடு சேர்த்து மீட்டரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் தர்க்கப் பிழை.

காரணம், வரலாறு நேர்மாறாக இருக்கிறது. உலகத்திலேயே குடிநீர் வழங்கலை முழுமையாகத் தனியாருக்கு விற்ற நாடு என்றால் இங்கிலாந்தைத்தான் சொல்வார்கள். 1989-இல் அது நடந்தபோது அங்கே ஏறத்தாழ எந்த வீட்டிலும் தண்ணீர் மீட்டர் கிடையாது. வீட்டின் பழைய வரி மதிப்பை வைத்தே பில் போட்டார்கள். தனியார் முதலாளிகள் மீட்டர் இல்லாமலே நிறுவனங்களை வாங்கினார்கள், லாபம் பார்த்தார்கள், பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்தார்கள். தண்ணீரை விற்பதற்கு மீட்டர் தேவைப்படவில்லை. மறுபக்கம், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்திருக்கும் சிங்கப்பூர் வாரியம் அரசுடையது. தில்லி வாரியம் அரசுடையது. பெங்களூர் வாரியம் அரசுடையது. ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலை முதல் குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீரை 24 மணி நேரமும் வழங்கும் நிறுவனமும் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. மீட்டருக்கும் தனியாருக்கும் முடிச்சுப் போடுபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படிக்கலாம்.

மீட்டருக்கு எதிராக வீடுகள் திரண்ட மிகப் பெரிய போராட்டம் அயர்லாந்தில் நடந்தது. எதிர்ப்பாளர்கள் அதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். அந்தக் கதையை முழுக்கச் சொல்வது நல்லது.

2010-இல் அயர்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் கடன் கொடுத்தன. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. அவற்றில் ஒன்று வீட்டுத் தண்ணீருக்குக் கட்டணம். அதுவரை அங்கே வீடுகளுக்குத் தனித் தண்ணீர் பில் கிடையாது. பொது வரியிலிருந்தே செலவு நடந்தது. 2013-இல் "ஐரிஷ் வாட்டர்" என்ற புதிய அரசு நிறுவனம் பிறந்தது. அந்த ஆண்டே தெருத்தெருவாக நடைபாதையைத் தோண்டி மீட்டர் புதைக்கத் தொடங்கினார்கள். சம்பளம் வெட்டப்பட்டு, வேலை போய், வீட்டுக்கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. புதிய நிறுவனம் ஆலோசகர்களுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிய செய்தி வெளியானது. பதிவு செய்ய வேண்டுமானால் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடு என்று கேட்டார்கள். நம்மூரில் ஆதார் எண்ணைக் கேட்பதுபோல. 2014 அக்டோபரில் டப்ளின் தெருக்களில் பல்லாயிரம் பேர் இறங்கினார்கள். மீட்டர் புதைக்க வந்த வேன்களின் முன் குடியிருப்பாளர்கள் நின்றார்கள். நவம்பரில் ஜாப்ஸ்டவுன் என்ற இடத்தில் துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டனின் கார் பல மணி நேரம் மறிக்கப்பட்டது. அரசு அடையாள எண் கேட்பதைக் கைவிட்டது, கட்டணத்தைக் குறைத்தது, எதுவும் போதவில்லை. 2016-இல் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது, 2017-இல் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது.

மக்கள் வென்றார்கள் என்பதில் சந்தேகமில்லை. எதை வென்றார்கள்? ஒரு கட்டணத்தை, அதைத் திணித்த விதத்தை. மீட்டரை அல்ல. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் மண்ணுக்குள்ளேயே இருந்தன. சுத்திகரித்த தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கசிந்து வீணாகிக்கொண்டிருந்த நாடு அது. புதைத்த மீட்டர்களில் இரவு பகலாக ஓட்டம் நிற்காத வீடுகள் தெரியவந்தன. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே புதைந்த குழாயில் பல ஆண்டாகக் கசிவு. வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. முதல் பழுதை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அதன்மேல் கட்டப்பட்டது. கட்டணம் செத்தது, கருவி கசிவு தேட மிஞ்சியது. அயர்லாந்தின் ஆட்சியாளர்கள் முதல் இரண்டு ஆண்டு கசிவை மட்டும் தேடிக்கொடுத்துவிட்டு, பிறகு பணத்தைப் பற்றிப் பேச்செடுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி வலுவான வாதத்துக்கு வரலாம். வீட்டுக் குழாயைத் தொலைவிலிருந்தே அடைத்துவிடுவார்கள் என்ற பயம் கற்பனை அல்ல. அது நடந்திருக்கிறது, அதுவும் தண்ணீரை அடிப்படை உரிமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாட்டில்.

தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது 2001-இல் வந்த கொள்கை. ஜோஹன்னஸ்பர்க் மாநகராட்சி சொவெட்டோவின் பிரி பகுதியில் முன்பண மீட்டர் பொருத்தியது. இலவச அளவு தீர்ந்ததும் கருவி தானாகவே மூடிக்கொள்ளும். பணம் கட்டி டோக்கன் வாங்கினால்தான் திறக்கும். அளவு மனைக்கு ஒன்று என்று வகுத்தார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று வகுக்கவில்லை. பிரியில் ஒரு மனையில் முன்வீடு, பின்கட்டுக் குடில்கள் என்று பல குடும்பங்கள் வாழும். வழக்குப் போட்ட லிண்டிவே மசிபுகோவின் மனையில் மட்டும் 20 பேர். மாதப் பாதியில் தண்ணீர் நின்றுபோனது. 2008-இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றி மாநகராட்சியின் பக்கம் சாய்ந்தது. கேப்டவுனில் கடன்பட்ட ஏழை வீடுகளில் நாளைக்கு 350 லிட்டரோடு நின்றுவிடும் கருவியைப் பொருத்தினார்கள். வீட்டுக்குள் குழாய் கசிந்தால் அந்த 350 லிட்டரும் கசிந்தே தீர்ந்துவிடும், குடிக்க ஒரு குடம் மிஞ்சாது. 2018 வறட்சியின்போது அதே கருவி அளவுமீறிச் செலவழித்த பணக்கார வீடுகளுக்கும் போனது; அப்போதுதான் நகரத்தின் மேல்தட்டு அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது என்பது தனிக்கதை.

இந்தக் கொடுமைகளில் எண்ணும் வேலையைச் செய்தது மீட்டர். அடைக்கும் வேலையைச் செய்தது அதோடு கோத்த வால்வு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வரலாம். வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்வு இல்லாத ஸ்மார்ட் மீட்டர்தான் எளியது. அதைச் சட்டமாகவே எழுதிய நாடு, சற்று முன் தனியார்மயத்துக்கு உதாரணம் காட்டிய அதே இங்கிலாந்து. அங்கும் தண்ணீர் நிறுவனங்கள் முன்பணக் கருவிகளைக் கொண்டுவந்தன. 1998-இல் உயர் நீதிமன்றம் அவை சட்டவிரோதம் என்றது. 1999-இல் வந்த சட்டம், பணம் பாக்கி என்பதற்காக எந்த வீட்டுக் குடிநீர் இணைப்பையும் துண்டிக்கக் கூடாது, ஓட்டத்தைக் குறைக்கும் கருவியையும் பொருத்தக் கூடாது என்று தடுத்தது. அதற்குப் பிறகு அங்கே மீட்டர் பெருகிற்று. பாக்கிக்காகக் குழாய் அடைபடவில்லை. தமிழ்நாட்டு வீடுகள் போராட வேண்டிய இடம் இதுதான். "மீட்டர் வேண்டாம்" என்ற கோஷம் அதிகாரிகளுக்கு வசதியானது. இன்று தள்ளிப்போட்டு, நாளை சத்தமில்லாமல் வால்வோடு சேர்த்துக் கொண்டுவரலாம். "வால்வு வேண்டாம், அதைச் சட்டத்தில் எழுது" என்ற கோரிக்கையிலிருந்து நழுவுவது கடினம்.

பாதி உண்மை என்று சொன்னது பெரிய குடும்பம் பற்றியது. பிரியில் கண்டதுபோல, இணைப்புக்கு இவ்வளவு என்று இலவச அளவை வகுத்தால் ஆள் அதிகமுள்ள வீடு அடிபடும். எட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் தனியாக இருக்கும் முதியவருக்கும் ஒரே எல்லை என்பது அநியாயம். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு இந்த மாநிலத்தில் இல்லாத ஒன்றா? அரிசி ஆளுக்கு எவ்வளவு என்று ரேஷன் கடை பல ஆண்டாகக் குடும்ப அட்டையைப் பார்த்தே போட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எல்லையையும் அதே அட்டையில் கோக்கலாம். இங்கிலாந்தில் அரசு உதவி பெறும் குடும்பத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் குழந்தைகள் இருந்தாலோ, அதிகத் தண்ணீர் தேவைப்படும் நோயாளி இருந்தாலோ, மீட்டர் எவ்வளவு ஓடினாலும் பில்லுக்கு உச்சவரம்பு உண்டு. செய்ய மனமிருந்தால் வழி தெரிந்த விஷயம்தான்.

கருவி வேலை செய்யுமா என்பதில், மீட்டரைப் பற்றி மேடையில் புகழ்ந்து பேசுபவர்கள் சொல்லாமல் விடும் சில சங்கதிகள் உண்டு. நம் ஊர்க் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க இருப்பதில்லை. வால்வைத் திறந்ததும் முதலில் குழாயிலிருந்த காற்று பாய்ந்து வரும். சக்கரம் சுழலும் பழைய வகை மீட்டர் அந்தக் காற்றையும் தண்ணீர் என்று எண்ணும். மண்ணும் துருவும் வந்து அடைத்தால் அதே மீட்டர் ஓடாமல் நின்றும் போகும். ஒலியலையால் அளக்கும் மீட்டரில் சக்கரமே இல்லை; காலிக் குழாயை அது கண்டுகொள்ளும். விலை கூடுதல். டெண்டரில் மலிவு பார்த்துப் பழைய வகையையே வாங்கி, அதன் மேல் ஒரு சிம் கார்டை ஒட்டி "ஸ்மார்ட்" என்று பெயர் வைத்தால், காற்றுக்குப் பணம் கட்டுவதாக மக்கள் சொல்வது உண்மையாகிவிடும்.

இன்னொன்று சம்ப். சிங்கப்பூரில் மீட்டரைத் தாண்டியதும் தண்ணீர் நேரே குழாய்க்குப் போகிறது. ஆகவே நடுராத்திரியிலும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் எங்கோ கசிகிறது என்று மறுநாளே எச்சரிக்கை போகும். சென்னையில் மீட்டரைத் தாண்டிய தண்ணீர் சம்பில் விழுகிறது, அங்கிருந்து மோட்டார் அதை ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றுகிறது. வாசல் மீட்டருக்குத் தெரிவது சம்ப் நிரம்பிய கதை மட்டும். மேலே டேங்க் நிரம்பி வழிவதும், ஃப்ளஷ் டேங்கின் உள்ளே சத்தமில்லாமல் ஒழுகுவதும் அதற்குத் தெரியாது. வெளிநாட்டுச் சேமிப்புக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டிக் காட்டும் அதிகாரிகளை நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் சோதனை முயற்சியில் வீடுகள் மிச்சம் பிடித்தது சராசரியாக 5 சதவீதம். அந்த நம்பிக்கையில்தான் அங்கே 2022 முதல் மூன்று லட்சம் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் வேலை தொடங்கியது. தொடர்ந்து தண்ணீர் வரும் ஊரிலேயே அவ்வளவுதான் என்றால், ஒரு மணி நேரக் குழாயை நம்பியிருக்கும் ஊரில் அதிசயம் எதிர்பார்ப்பது வீண்.

அப்படியானால் இங்கே மீட்டரின் பயன் என்ன? வந்த தண்ணீருக்குச் சாட்சி. சம்புக்குள் எத்தனை லிட்டர் விழுந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் விழவே இல்லை என்ற பதிவு. இதுவரை இந்த விவரம் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. "நேத்து விட்டோமே" என்று அவர் சொல்வார், "வரவே இல்லை" என்று அம்மா சொல்வார், இரண்டும் காற்றில் போகும். மீட்டரின் முதல் வாடிக்கையாளர் வாரியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாரியம் வாக்குக் கொடுத்த அளவைத் தந்ததா என்று பார்க்க வீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே கருவியும் அதுவே.

மக்கள் மீட்டரை வெறுக்கிறார்கள் என்ற பேச்சே முழுதாகச் சரியில்லை என்பதற்குப் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்கள் சாட்சி. பெங்களூரின் வைட்ஃபீல்டு பக்கமும் அப்படித்தான். லாரித் தண்ணீரை நம்பி வாழும் அந்தக் குடியிருப்புகளில் எவரும் கட்டாயப்படுத்தாமலே, அசோசியேஷன் பணத்தைத் திரட்டி வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. லாரிச் செலவை எல்லா ஃபிளாட்டுக்கும் சமமாகப் பிரித்தபோது, வெளிநாட்டிலிருக்கும் பூட்டிய வீட்டுக்காரரும் பணம் கட்டினார். இரண்டு முதியவர் இருக்கும் வீடு, ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குச் சேர்த்துக் கட்டியது. மெயின்டனன்ஸ் கூட்டத்தில் வருடக்கணக்காக நடந்த சண்டை அது. பழைய கட்டடங்களில் ஒரு சிக்கல் உண்டு: சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று மொட்டைமாடியிலிருந்து தனித்தனியாக இறங்கும், ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும், செலவு ஏறும். அதனால் பின்வாங்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் அங்கே எவரும் "தண்ணீருக்குக் கணக்கா?" என்று கொள்கை பேசுவதில்லை. தண்ணீருக்குத் தன் பையிலிருந்து பணம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்போது, அளவு கேட்பது மனித இயல்பு. சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் விஷயத்தில் பணம் வரியாகவும் நிலைக்கட்டணமாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் வேறுபாடு.

அந்த நான்கில் வராத, மீட்டர் வேவு பார்க்கும் என்ற பயத்தையும் ஒதுக்க முடியாது. மணிக்கொரு அளவைப் பார்த்தால் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். திருடனுக்கு அது தங்கமான தகவல். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்திருக்கிறது. மணிவாரி விவரம் வீட்டுக்காரருக்கு மட்டும், வாரியத்துக்கு மாதக்கூட்டல் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பூரியிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ரீடிங் எடுப்பதும் பில் கொடுப்பதும் பணம் வாங்குவதும் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள். "ஜலசாதி" என்று அழைக்கிறார்கள். பில்லில் சந்தேகம் என்றால் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம், அடுத்த தெருப் பெண்ணிடமே கேட்கலாம். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குப் பஞ்சமா என்ன?

கேட்கும் இடமும் இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைந்திருக்கின்றன. கிராம சபைக்குக் கிடைத்த கவனம் இவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பல இடங்களில் கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. மீட்டர் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போடுவது எளிது. அதற்குப் பதில் வேறு தீர்மானங்கள் போடலாம். பொருத்திய முதல் ஓராண்டு பழைய கட்டணமே. ரீடிங் மட்டும் வீட்டுக்கு வரட்டும். ஆள் கணக்குப்படி இலவச அளவு. அடைக்கும் வால்வு கூடாது. மீட்டர் தவறாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தால் வாரியத்தின் செலவில் சோதனை. இவற்றோடு இன்னொன்று: வீடுகளில் வைப்பதற்கு முன்பே, ஒவ்வொரு தெருவுக்குள்ளும் நுழையும் குழாயில் ஒரு மீட்டர். தெருவுக்குள் வந்த மொத்தத்துக்கும் வீடுகளில் பதிவான மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த வித்தியாசம் எங்கே போனது என்று சபையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் உதவிப் பொறியாளர்.